வெம்பாமல் முதிர்வது

அக்காவின் மகன் 29 வாரத்தில் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே கிடந்த அவனைப் பார்க்க மூன்றாம் நாள் போனேன். அக்கா அழவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்து, "உன் ஆய்வுக்கூடத்தில் செல்களுக்கு ஒன்று ஊற்றுவாயே, நரம்பு முளைக்க வைப்பதற்கு, அதை இவனுக்குக் கொடுத்தால் மூளை சீக்கிரம் முதிர்ந்துவிடாதா?" என்று கேட்டாள். நான் அப்போது ஆய்வு மாணவியாகச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இருந்தேன். "அதெல்லாம் முடியாது அக்கா" என்றேன். ஏன் முடியாது என்று அவள் கேட்கவில்லை. மீண்டும் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். "அந்தப் புரதம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. நுழைய ஒரு வழி கண்டுபிடித்துவிட்டால் கொடுத்துவிடலாம்." இதில் முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதுதான் என் அறியாமை. பொருள் நல்லது, கூடக் கிடைத்தால் கூட நன்மை, தடை வழியில் மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரே நாளில் உடையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அவனுக்கு இப்போது 11 வயது. அந்தக் கேள்விக்கு நான் மனத்துக்குள் எழுதி எழுதி அழித்த பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிர் வளர்வது வேறு, கதிர் முற்றுவது வேறு என்று நம் மொழிக்குத் தெரியும். வளர்தல் என்றால் பெருகுவது, நீள்வது, கூடுவது. முதிர்தல் என்றால் தனக்கான வேலையைச் செய்யும் நிலைக்கு வந்து சேர்வது. மூளையில் இவை இரண்டும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நிற்கின்றன. பிறந்த நிலையில் நரம்பணு வெறும் உருண்டை. அது தன் இடத்துக்கு ஊர்ந்து போக வேண்டும், செய்தியைக் கடத்தும் ஆக்ஸான் என்னும் ஒரு நீண்ட இழையையும் பல கிளைகளையும் விட வேண்டும், மின்துடிப்புக்கான வாயில்களைத் தன் சவ்வில் பதிக்க வேண்டும், பிற நரம்பணுக்களுடன் சினாப்ஸ் என்னும் சந்திப்புகளை அமைக்க வேண்டும். அது கேட்கும் மொழியும் இடையில் மாறுகிறது. காபா என்ற வேதிப்பொருள் முதிர்ந்த நரம்பணுவை அடக்கும். இளம் நரம்பணுவையோ அதே காபா பெரும்பாலும் தூண்டிவிடும், ஏனென்றால் அதனுள்ளே குளோரைடு நிறைந்திருக்கிறது. குளோரைடை வெளியேற்றும் புரதங்கள் வந்து சேர்ந்த பிறகுதான் தூண்டிய குரல் அடக்கும் குரலாகிறது. இந்த ஒவ்வொரு படியிலும் ஏதாவதொரு வளர்ச்சிக் காரணியின் கை இருக்கிறது. வளர்ச்சிக் காரணி என்ற பெயரைக் கேட்டால் உரம் நினைவுக்கு வருகிறது. என்னையும் அக்காவையும் சேர்த்துத் தடுமாற வைத்தது அந்தப் பெயர்தான்.

தட்டில் ஏழு நாள்

நான் அன்று வளர்த்துக்கொண்டிருந்தவை பிசி 12 என்னும் செல்கள். எலியின் அட்ரீனல் சுரப்பியில் உண்டான ஒரு கட்டியிலிருந்து வந்தவை, 1976ல் அறிமுகமானவை. சும்மா விட்டால் கொத்துக் கொத்தாகப் பெருகிக்கொண்டே இருக்கும். என்ஜிஎஃப் எனப்படும் நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் பெருகுவதை நிறுத்திவிடும். இரண்டொரு நாளில் விளிம்பில் ஒரு சிறு முளை தெரியும். ஒரு வாரம் போனால் தன் உடலைப்போல் பல மடங்கு நீளமான இழைகளை விட்டு, ஒன்றையொன்று தேடுவதுபோல் தட்டின் தரையில் படர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் அதை முதல்முறை பார்த்த அன்று நான் இரவு வெகுநேரம் வரை வீட்டுக்குப் போகவில்லை. கட்டியில் பிறந்த செல் நரம்புபோல் நடந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கருத்தரங்குக்குப் படங்கள் வேண்டியிருந்தன. நாள் போதவில்லை. மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்றிருந்த அளவை 200 ஆக்கினேன். நான்கு மடங்கு கொடுத்தால் ஏழு நாள் இரண்டு நாளாகச் சுருங்காவிட்டாலும் நான்கு நாளாகவாவது சுருங்கும் என்று எண்ணினேன். ஏழு நாள் ஏழு நாளாகவே இருந்தது. செல்லின் மேற்பரப்பில் அந்தக் காரணியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்கு ஓர் எண்ணிக்கை உண்டு. அவை நிறைந்த பிறகு வெளியே எவ்வளவு மிதந்தாலும் உள்ளே போகும் செய்தி கூடாது. உள்ளே போன செய்தியும் உடனே இழையாக மாறுவதில்லை. அது உட்கருவுக்குச் சென்று மரபணுக்களை விழிக்க வைத்து, அவை புரதங்களை உண்டாக்கி, அந்தப் புரதங்கள் அடுத்த மரபணுக்களை விழிக்க வைத்து, வரிசையாக நடக்க வேண்டிய வேலை. வரிசையின் முதல் ஆளை உரக்க விரட்டினால் கடைசி ஆள் முன்னால் வந்துவிட மாட்டான்.

இதே செல்லில் இன்னொரு விந்தை உண்டு. ஈஜிஎஃப் என்னும் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் செல் முதிராது, பெருகும். என்ஜிஎஃப் கொடுத்தால் பெருகாது, முதிரும். இரண்டும் செல்லுக்குள்ளே ஏறத்தாழ ஒரே பாதையைத்தான் தட்டியெழுப்புகின்றன. எர்க் என்ற நொதிதான் இரண்டுக்கும் தூதுவன். வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. ஈஜிஎஃப் எழுப்பும் அலை சில நிமிடங்களில் உச்சிக்குப் போய் விரைவில் அடங்கிவிடுகிறது. என்ஜிஎஃப் எழுப்பும் அலை மணிக்கணக்கில் நிற்கிறது. ஈஜிஎஃபின் ஏற்பிகளைச் செல்லில் செயற்கையாகக் கூட்டி, அதன் அலையையும் நீண்டு நிற்கச் செய்தபோது, பெருகச் சொன்ன அதே காரணியே இழை விடச் சொன்னது. இதைப் படித்தபோது என் 200 நானோகிராம் நினைவுக்கு வந்து உறுத்தியது. எவ்வளவு என்று மட்டும் கேட்டேனே தவிர, எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவே இல்லை.

பிறந்து, புறப்பட்டு, மடிந்தவை

ரீட்டா லெவி-மோன்டால்சினியின் கதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. முசோலினியின் இனச் சட்டம் 1938ல் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது, அவர் துரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார், தையல் ஊசிகளைத் தீட்டிக் கோழிக் கருக்களை அறுத்தார், 1986ல் ஸ்டான்லி கோஹனுடன் நோபல் பரிசு பெற்றார். வீரக் கதையாகச் சொல்லும்போது அந்தப் படுக்கையறையில் அவர் உண்மையில் என்ன பார்த்தார் என்பது பின்னால் தள்ளப்பட்டுவிடுகிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

விக்டர் ஹாம்பர்கர் என்ற ஆய்வாளர் 1934ல் ஒன்றைக் காட்டியிருந்தார். கோழிக் கருவில் இறக்கையின் முளையை நீக்கிவிட்டால், அந்த இறக்கைக்குப் போக வேண்டிய நரம்பணுக்கள் தண்டுவடத்தில் குறைந்துவிடுகின்றன. இறக்கை இல்லாததால், நரம்பணுவாக மாறுங்கள் என்ற அழைப்பு போகவில்லை, அதனால் அவை உருவாகவே இல்லை என்பது அவர் விளக்கம். ரீட்டா அதையே திரும்பச் செய்து, ஒரு நாளின் முடிவை மட்டும் பார்க்காமல் நாள் நாளாகப் பார்த்தார். நரம்பணுக்கள் உருவாகத்தான் செய்தன. இழை விட்டன, முதிரப் புறப்பட்டன, இறக்கை இருந்திருக்க வேண்டிய திசைக்குப் போயின. அங்கே எதுவும் இல்லை. பிறகு மடிந்தன. பிறக்காமல் போவதற்கும், பிறந்து பாதி வழி வந்து மடிவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் கண்டது, நாள்தோறும் ஒரு கருவைத் திறந்து பார்க்கும் பொறுமையால்தான்.

1947ல் ஹாம்பர்கரே அவரை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். தன் விளக்கத்தைத் தவறென்று சொன்னவரைக் கூப்பிட்டு, வாருங்கள் சேர்ந்து பார்ப்போம் என்றவர் அவர். அந்தப் பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன். அங்கேதான், சுண்டெலியின் கட்டி ஒன்று நரம்பிழைகளைத் தன்னை நோக்கி வெறியோடு வளர வைப்பதை ரீட்டா பார்த்தார். கட்டி கருவைத் தொடாமல் சவ்வுக்கு வெளியே இருந்தபோதும் அப்படியே நடந்தது. கரைந்து பரவும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. 1952ல் கட்டி சுமந்த சுண்டெலிகளைத் தன்னுடனேயே விமானத்தில் எடுத்துக்கொண்டு ரியோ டி ஜெனிரோவுக்குப் போனார். அங்கே திசு வளர்ப்புத் தட்டில் நரம்பு முடிச்சின் பக்கத்தில் கட்டித் துண்டை வைத்ததும், ஒரே நாளில் முடிச்சைச் சுற்றி இழைகள் கதிர்வட்டமாக விரிந்தன. பிறகு கோஹன் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார். நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பு நஞ்சைச் சேர்த்தபோது, அந்த நஞ்சே கட்டியைவிடப் பன்மடங்கு வளமான ஊற்றாக இருந்தது. பிறகு ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பி அதையும் மிஞ்சியது.

பல நரம்பணுக் கூட்டங்களில் பிறந்தவற்றில் ஏறத்தாழப் பாதி இப்படித்தான் மடிகின்றன. நோயால் அல்ல, இயல்பாகவே. இலக்கு சுரக்கும் காரணி கொஞ்சம்தான் இருக்கும். தொட்டுப் பெற்றுக்கொண்டவை நிற்கும், மற்றவை போகும். பெற்ற செய்தி ஆக்ஸானின் நுனியிலிருந்து உடலுக்குத் திரும்பிப் பயணம் செய்ய வேண்டும். நீளமான நரம்புகளில் அது ஒரு மீட்டர் தொலைவு. நுனியில் பற்றிக்கொண்ட காரணியை ஏற்பியோடு சேர்த்து ஒரு சிறு பையில் கட்டி, ஆக்ஸானுக்குள் உள்ள பாதையில் உடல்வரை சுமந்து வருகிறது செல். எங்கே போய்ச் சேர்ந்தோம் என்று தெரிந்துகொண்ட பிறகே அது மேற்கொண்டு முதிர்கிறது. எல்லா இடத்திலும் காரணியைக் கொட்டி நிரப்பினால் இந்தச் செய்தியில் பொருள் ஏது? போய்ச் சேர்ந்தவனுக்கும் வழி தவறியவனுக்கும் ஒரே கடிதம் கிடைத்தது போலாகிவிடும். அக்காவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான பதில் இதுதான். அவன் மூளையில் அந்தக் காரணி எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதும் செய்தியின் பாதி. ஊசியால் செலுத்தினால் அந்தப் பாதி அழிந்துவிடும்.

கோஹன் அந்த உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தியபோது இன்னொன்றையும் கவனித்தார். வழக்கமாக 13, 14 நாளில் விழிக்கும் குட்டிகள் ஏழாம் நாளே கண் திறந்தன. ஈஜிஎஃப் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான். அறிவியலில் அது பெரிய வெற்றி. எனக்கோ அந்தக் குட்டிகளை நினைத்தால் இப்போதும் ஏதோ செய்கிறது. இமை பிரிந்துவிட்டது என்பதால் அதன் பின்னால் இருக்கும் மூளை பார்க்கத் தயாராகிவிட்டது என்று ஆகாது.

முதிராமல் பிடித்து வைக்கும் கை

முதிர வைக்கும் காரணிகளைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். முதிராமல் பிடித்து வைப்பதும் அவற்றின் வேலை. பல வகை நரம்புச் செல்களாக மாறக்கூடிய நரம்புத் தண்டு செல்களை வளர்ப்பவர்களுக்கு இது அன்றாட அனுபவம். ஈஜிஎஃப், எஃப்ஜிஎஃப் ஆகிய காரணிகள் இருக்கும்வரை அவை பெருகிக்கொண்டே இருக்கும். அவற்றை நீக்கிவிட்டால்தான் நரம்பணுக்களாகவும் துணைச் செல்களாகவும் பிரிந்து முதிரும். கொடுப்பது மட்டும் செய்தி அல்ல, நிறுத்துவதும் செய்தி. ஆக்ஸானுக்கு மயலின் என்னும் கொழுப்பு உறை போடும் செல்களிடம் மார்ட்டின் ராஃப் லண்டனில் செய்த ஆய்வு என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. எலியின் பார்வை நரம்பிலிருந்து இந்தச் செல்களின் இளநிலையைப் பிரித்துத் தனியே வைத்தால், அவை உடனே பெருகுவதை நிறுத்திவிட்டு வெகு முன்னதாகவே முதிர்ந்துவிடுகின்றன. பக்கத்துச் செல்கள் சுரக்கும் பிடிஜிஎஃப் என்ற காரணியைக் கொடுத்தால் பொறுத்திருக்கின்றன, உரிய எண்ணிக்கை வரும்வரை பெருகுகின்றன, பிறகு உரிய காலத்தில் முதிர்கின்றன. துணையின்றி விடப்பட்ட செல்தான் அவசரமாக முதிர்கிறது. பிஞ்சில் பழுத்தது என்று நாம் சொல்வோமே, அதை ஒரு தட்டின் தரையில் கண்டதுபோல் இருந்தது. சூட்டில் வெம்பிய காய்க்கும் பழத்தின் நிறம் வரும். உள்ளே கனிந்திருக்காது.

கண்ணை மறைத்த மாதங்கள்

அக்கா மகனுக்கு நான்கு வயதானபோது ஒரு கண் லேசாக விலகுவதை அவள் கவனித்தாள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு மாறுகண் வரும் வாய்ப்பு கூடுதல். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விலகிய கண்ணில் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது என்றார். சோம்பேறிக் கண் என்று மக்கள் சொல்வது இதைத்தான். அந்தப் பெயரும் எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் கண்ணில் குறை இல்லை. மூளை அந்தக் கண்ணின் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. மருந்து ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்க்கும் கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி வைக்க வேண்டும். "இப்போதே வந்தது நல்லது, இன்னும் சில ஆண்டுகள் போனால் இவ்வளவு எளிதாக இருக்காது" என்றார் மருத்துவர்.

ஏன் அப்படி என்பதற்கான அடிப்படையை ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டிகளில் காட்டி 1981ல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறந்த சில மாதங்களுக்குள் ஒரு கண்ணை மூடிவைத்தால், பார்வைப் புறணியின், அதாவது பார்வைக்கான மூளை மேலடுக்கின் செல்கள் அந்தக் கண்ணைக் கைவிட்டு மற்றக் கண்ணுக்கு மாறிவிடும். வளர்ந்த பூனையின் கண்ணை மூடினால் அப்படி ஒன்றும் நடக்காது. மாறக்கூடிய காலம் என ஒன்று உண்டு, அதற்கொரு முடிவும் உண்டு. மாறக்கூடியதாக இருப்பதுதான் அந்தக் கண்ணைக் கெடுக்கிறது. அதே குணம்தான் அதை மீட்கவும் இடம் கொடுக்கிறது.

அந்த மாதங்களில் அவன் மூடிய கண்ணோடு என் மடியில் உட்கார்ந்து படம் வரைவான். மங்கிய கண்ணால் கோட்டைத் தேடித் தேடிப் போவான், கோபம் வந்து துணியைப் பிய்ப்பான், நான் மறுபடி ஒட்டுவேன். அப்படி ஒரு மாலை அவன் தூங்கிய பிறகுதான் 1999ல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரையைப் படித்தேன். பல ஆண்டுகளாகப் பெயரளவில் தெரிந்ததுதான், ஒரு மேற்கோளாகக் கடந்து போனதுதான். அன்றுதான் வரி வரியாகப் படித்தேன். ஜோஷ் ஹுவாங், சுசுமு டொனெகாவா ஆகியோரின் குழு, பிடிஎன்எஃப் என்னும் காரணியைப் புறணியில் வழக்கத்தைவிட முன்னதாகவும் கூடுதலாகவும் உண்டாக்கும் சுண்டெலிகளை உருவாக்கியது. பிடிஎன்எஃப் மூளையிலேயே சுரப்பது, 1982ல் இவ் பார்டும் ஹான்ஸ் தோனனும் அவர்கள் குழுவினரும் ஒன்றரைக் கிலோ பன்றி மூளையிலிருந்து ஒரு மைக்ரோகிராம் அளவுக்குத் தூய்மையாக்கி எடுத்தது. அக்கா கேட்டதற்கு மிக நெருக்கமான சோதனை அது. ஊசி இல்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புச்சுவர்ச் சிக்கல் இல்லை. மூளையே தனக்குக் கூடுதலாகச் சுரந்துகொள்கிறது.

முடிவு என்ன? அவள் விரும்பியபடியே நடந்தது. அந்தச் சுண்டெலிகளின் மூளை சீக்கிரம் முதிர்ந்தது. பார்வைக் கூர்மை முன்னதாக வந்தது. காபாவைச் சுரந்து பிறவற்றை அடக்கும் நரம்பணுக்கள் முன்னதாகவே தேர்ந்து வேலையைத் தொடங்கின. கூடவே இன்னொன்றும் நடந்தது. மாறக்கூடிய காலமும் முன்னதாக முடிந்துவிட்டது. மற்றக் குட்டிகளின் புறணி இன்னும் வளைந்து கொடுத்துக்கொண்டிருந்த வயதில் இவற்றின் கண்ணை மூடினால் பெரிய மாற்றம் ஏதும் வரவில்லை. வாயில் மூடியாயிற்று.

கட்டுரையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். தூக்கத்திலும் துணி கண் மேல்தான் இருந்தது, எடுக்க மறந்திருந்தேன். அவன் மூளை இன்னும் முதிரவில்லை என்பதால்தான் அந்தத் துணிக்கு வேலை இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, வழி மட்டும் கிடைத்திருந்தால் கொடுத்திருக்கலாம் என்று நம்பியவள் நான். சுண்டெலியில் கண்டதை அப்படியே குழந்தைக்குப் பொருத்த முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மாலையில் என் கை நடுங்கியது உண்மை. நல்ல பொருள், வழிதான் இல்லை என்ற என் பழைய பதில் அன்றுதான் முற்றிலும் செத்தது.

அதன்பின், இதே மாறக்கூடிய காலத்தை ஆராய்ந்த டகாவோ ஹென்ஷ் என்பவரின் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். அடக்கும் நரம்பணுக்கள் ஓரளவுக்கு முதிரும்போதுதான் அந்தக் காலம் தொடங்கவே செய்கிறது. காபாவைப் போதிய அளவு உண்டாக்க முடியாத சுண்டெலிகளில் அது தொடங்குவதே இல்லை. மேலும் முதிர முதிர அதுவே காலத்தை முடித்தும் வைக்கிறது. முதிர்ந்த அடக்கும் நரம்பணுக்களைச் சுற்றி ஒரு வலை பின்னப்படுகிறது. வளர்ந்த எலிகளில் அந்த வலையை நொதியால் கரைத்தபோது பழைய நெகிழ்ச்சி ஓரளவு திரும்பியது என்று 2002ல் இத்தாலியில் காட்டினார்கள். முதிர்ச்சி வெறும் வரவு அல்ல. கற்றதை இழக்காமல் காப்பதற்காக மூளை தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் வேலி அது. வேலி வேண்டும். உள்ளே விளைந்த பிறகு வேண்டும்.

இந்தக் காரணியே முதிர வேண்டியதொரு பொருள் என்பது எனக்குப் பிறகு தெரிந்த வியப்பு. பிடிஎன்எஃப் முதலில் நீண்ட முன்வடிவமாக உண்டாகிறது. வெட்டப்பட்ட பிறகே முதிர்ந்த வடிவம் கிடைக்கிறது. முதிர்ந்த வடிவம் ஓர் ஏற்பியைப் பற்றிச் சினாப்ஸை வலுவாக்குகிறது, செல்லை வாழ வைக்கிறது. முன்வடிவம் இன்னோர் ஏற்பியைப் பற்றிச் சினாப்ஸைத் தளர்த்துகிறது, சில இடங்களில் செல்லை மடியவும் வைக்கிறது. ஒரே மரபணுவிலிருந்து வந்த ஒரே பொருள், வெட்டு விழும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்து இரண்டு எதிர்மாறான கட்டளைகள் ஆகிறது. விளம்பரங்களில் மூளை வளர்ச்சிக் காரணியைக் கூட்டும் மாத்திரை என்று பார்க்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது. எதைக் கூட்டுகிறீர்கள், எந்தச் செல்லில், எந்த வயதில்? ரத்தத்தில் அளக்கும் பிடிஎன்எஃபில் பெரும்பகுதி ரத்தத் தட்டணுக்கள் சேமித்து வைத்திருப்பது. அதைக் காட்டி மூளையைப் பற்றிப் பேசி, பயந்துபோன பெற்றோரிடம் விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மனித நரம்பணுவுக்கு அவசரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மனிதத் தண்டு செல்லிலிருந்து உண்டாக்கிய புறணி நரம்பணுக்களைச் சுண்டெலியின் மூளையில் நட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுற்றியிருக்கும் சுண்டெலி நரம்பணுக்கள் சில வாரங்களில் முதிர்ந்துவிடும். மனித நரம்பணுவோ அதே ரத்தத்தில், அதே காரணிகளின் நடுவே இருந்துகொண்டு, பல மாதங்கள் எடுத்துக்கொண்டு தன் கணக்குப்படிதான் முதிர்கிறது. நம் முன்மூளையில் மயலின் உறை போடும் வேலை 20 வயதைத் தாண்டியும் நடக்கிறது. இத்தனை மெதுவாக முதிர்வதால்தான் இத்தனை கற்கிறோம் என்று கருதுபவர்கள் பலர். நானும் அந்தப் பக்கம்தான்.

அக்காவின் கேள்வி அறியாமையால் வந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதே கேள்வியை அறிவியலும் கேட்டிருக்கிறது. நரம்பணுக்கள் மடியும் நோய்களுக்கு 1990களில் பிடிஎன்எஃப் கொடுத்துப் பார்த்தார்கள், எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. மறதி நோயாளிகளின் மூளை அறைக்குள்ளேயே என்ஜிஎஃபைச் செலுத்திப் பார்த்தபோது வலியும் எடைக் குறைவும் வந்தன, ஏனென்றால் அதே காரணிக்கு வலி உணரும் நரம்புகளிடமும் பேச்சு உண்டு. குறைமாதக் குழந்தைகளில் ஐஜிஎஃப் 1 என்ற காரணி பிறந்தவுடன் வீழ்ந்துவிடுகிறது, கருப்பையில் இருந்திருந்தால் அது நீடித்திருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2019ல் வந்தது. விழித்திரை நோயைத் தடுக்கும் என்ற முதன்மை நோக்கம் நிறைவேறவில்லை. நுரையீரல் பாதிப்பு கடுமையாவது மட்டும் குறைந்ததுபோல் தெரிந்தது. இதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். இழந்ததைத் திருப்பித் தருவது வேறு, இருப்பதற்கு மேல் கொட்டுவது வேறு. ஆனால் இழந்தது ஒரு புரதம் மட்டும்தானா என்ற கேள்வி நிற்கிறது.

அந்தக் கேள்வியோடு தேடியபோதுதான் சால் ஷான்பெர்க் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த பழைய ஆய்வு கண்ணில் பட்டது. எலிக்குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்தால் சிறிது நேரத்திலேயே அவற்றின் வளர்ச்சி ஹார்மோன் வீழ்ந்தது, மூளை உள்ளிட்ட உறுப்புகளில் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு நொதியும் வீழ்ந்தது. குறைந்த ஹார்மோனை ஊசியில் கொடுத்தார்கள். திசுக்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை. பொருள் வந்து சேர்ந்தது, கேட்பவர் இல்லை. பிறகு ஈரமான தூரிகையால், தாய் நாவால் நக்குவதுபோல், குட்டிகளை அழுத்தி வருடினார்கள். வீழ்ந்தவை எழுந்தன. 2009ல் இத்தாலியில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொட்டு நீவிவிட்டுப் பார்த்தபோது ரத்தத்தில் ஐஜிஎஃப் 1 கூடியதும், மூளையலைகளும் பார்வையும் முதிர்ச்சியில் முன்னேறியதும் பதிவாயின. இதுவும் விரைவுபடுத்துவதுதானே என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நேர்மையாகச் சொன்னால் ஆம். ஆனால் இங்கே காரணியைச் சுரப்பதும், எவ்வளவு, எங்கே, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வதும் அந்தக் குழந்தையின் உடல். அந்தப் பொறுப்பை நாம் பிடுங்கிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். 11 ஆண்டு தாமதமான பதில். சுண்டெலிகளையும் மூடிய வாயிலையும் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டாள். தூரிகையைப் பற்றிச் சொன்னபோது நிமிர்ந்தாள். பெட்டிக்குள் அவனைத் தொடவே அவள் பயந்துகொண்டிருந்த நாள்களில், இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியர்தான் அவள் கையைப் பிடித்துக் கழுவவைத்து, பக்கவாட்டுத் துளை வழியே உள்ளே விடச் செய்து, அவன் முதுகின் மேல் வைத்து, "எடுக்காதீர்கள், அப்படியே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா அந்த நிலையிலேயே விடியும்வரை நின்றிருக்கிறாள். இதை அவள் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

"அந்தச் செவிலியருக்கு இந்தத் தூரிகைக் கதை தெரிந்திருக்குமா?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். உள்ளறையில் அவன் உரக்கப் பாடம் படித்துக்கொண்டிருந்தான், ஒரு சொல்லில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.